புதன்கிழமை இரவு

ஜெர்மனியில் இருக்கும் மகளிடம் போக எடுத்த விமானப் பயணச்சீட்டில் அச்சாகியிருந்தது 2025 நவம்பர் 20, வியாழக்கிழமை, 01:50 என்பதுதான். மாப்பிள்ளை அதைக் கைப்பேசியில் அனுப்பிய அன்றே தெருமுனைக் கடையில் அச்செடுத்து வந்து, கூடத்து நாட்காட்டியில் 20ஆம் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டேன். எண்பத்தெட்டு வயதான என் மாமியார் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நடு இரவு தாண்டி ஒன்று ஐம்பதுக்கு என்றேன். “அப்படியென்றால் அது புதன் ராத்திரி அல்லவா? நீ ஏன் வியாழக்கிழமையைச் சுழித்து வைத்திருக்கிறாய்?” என்றார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். ஆனாலும் அந்தக் கேள்வியின் முன் சற்று நேரம் நின்றுவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி. நம் பஞ்சாங்கக் கணக்கில் ஒரு நாள் என்பது சூரியன் உதிக்கும்போது பிறந்து மறுநாள் உதயத்தில் முடிகிறது. நள்ளிரவில் தேதி மாறுவது கடிகாரத்தின் வழக்கம். பயணச்சீட்டு கடிகாரத்தின்படி அச்சிடப்படுகிறது, நாமோ உறங்கி எழுவதை வைத்துத்தான் நாளை உணர்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் விழுந்தவர்களை நான் அறிவேன். என்னோடு பணியாற்றிய ஓர் ஆசிரியை சில ஆண்டுகளுக்கு முன் மகனைப் பார்க்கக் கிளம்பியபோது, சீட்டில் 14ஆம் தேதி என்றிருப்பதைப் பார்த்து 14ஆம் தேதி இரவு உணவை முடித்துக்கொண்டு, உறவினர் புடைசூழ விமான நிலையம் போய் இறங்கினார். அவருடைய விமானம் அன்று அதிகாலையிலேயே போய்விட்டிருந்தது. அவர் அழுததைப் பற்றி இன்றும் அவரால் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை. ஆகவே நான் வட்டத்தை அடித்துவிட்டு, 19ஆம் தேதிக் கட்டத்தில், “புதன் இரவு 9 மணிக்குச் சென்னையில் தம்பி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்” என்று முழு வாக்கியமாக எழுதினேன். இரவு விமானத்தில் போகிற எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுவே. விமானம் புறப்படும் நேரத்தை எழுதிவைத்தால் போதாது. நாம் படியிறங்கும் நாளையும் நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும்.

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் இருக்கும் என் மகளுக்கு டிசம்பர் முதல் வாரத்தில் பிரசவம் என்று நாள் குறித்திருந்தார்கள். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் வரை நேர் விமானம். அங்கிருந்து அவள் வீடு சுமார் முப்பது கிலோமீட்டர். என் கணவரால் வர இயலாது. மாமியாரைத் தனியே விட முடியாது. எனவே வாழ்க்கையில் முதன்முறையாக, அறுபத்தோராம் வயதில், நான் ஒருத்தியாக விமானம் ஏற வேண்டியிருந்தது.

ஏன் எல்லா ஐரோப்பிய விமானங்களும் ஆள் அரவமற்ற அர்த்த ராத்திரியில் கிளம்புகின்றன என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை, சுற்றி வாழும் மக்களின் உறக்கத்திற்காக, வழக்கமான விமானங்கள் ஏறவும் இறங்கவும் தடை இருக்கிறது. காலையில் அங்கிருந்து கிளம்பும் விமானம் நம் ஊருக்கு நள்ளிரவையொட்டி வந்து சேர்கிறது. பெரிய விமானத்தை ஒரு பகல் முழுவதும் சும்மா நிறுத்தி வைப்பது கட்டுப்படியாகாது என்பதால், துப்புரவு செய்து, எரிபொருள் நிரப்பி, இரண்டு மணி நேரத்திற்குள் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படித் திரும்பினால் விடியற்காலையில் போய்ச் சேரும். அங்கிருந்து அமெரிக்காவுக்கும் பிற ஐரோப்பிய நகரங்களுக்கும் காலையில் கிளம்பும் விமானங்களை மற்ற பயணிகள் பிடித்துக்கொள்ளலாம். ஆக, எங்கோ ஓர் ஊர் மக்கள் நிம்மதியாக உறங்குவதற்கும் நாம் இங்கே உறங்காமல் இருப்பதற்கும் தொடர்பு இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு அந்த நேரத்தின் மீது இருந்த மனத்தாங்கல் எனக்குக் குறைந்துவிட்டது.

விசா வாங்கிய கதையை விரித்துச் சொல்லப்போவதில்லை. எந்த 180 நாள் காலத்திலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது, குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்ற இரண்டையும் மட்டும் மனத்தில் கொண்டால் போதும். இந்த 90 நாள் கணக்கில் போய் இறங்கும் நாளும் திரும்பக் கிளம்பும் நாளும் சேரும். நவம்பர் 20 இறங்கினால் பிப்ரவரி 17 தொண்ணூறாவது நாள். நான் மூன்று நாள் இடைவெளி விட்டு 14ஆம் தேதிக்குத் திரும்பும் சீட்டு எடுக்கச் சொன்னேன். மூடுபனியோ வேலைநிறுத்தமோ வந்து விமானம் ஒரு நாள் தள்ளிப்போனால் அதற்கும் இடம் இருக்க வேண்டும் அல்லவா?

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனாரின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், திருமணத்திற்குப் பின் சிலருக்கு அது கணவர் பெயரின் முதலெழுத்தாக மாறும், ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிக் கணக்கில் இன்னொரு விதமாகவும் இருக்கும். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. என் பெயர் ஒற்றைச் சொல்லாக அடுத்த வரியில் நிற்கிறது. விமான நிறுவனங்களின் பதிவுப் பக்கமோ இரண்டு கட்டங்களும் நிரம்பாமல் மேலே நகராது. அதற்காகக் கணவரின் பெயரை இரண்டாம் கட்டத்தில் போட்டு நிரப்பிவிடுகிறவர்கள் உண்டு. அது பெரிய தவறு. கடவுச்சீட்டில் இல்லாத ஒரு பெயர் பயணச்சீட்டில் இருந்தால் வாசலில் நிற்கும் காவலரே நிறுத்திவிடக்கூடும். மாப்பிள்ளை அந்த நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்துக் கேட்டு, அவர்கள் சொன்னபடி என் பெயரையே இரண்டு கட்டங்களிலும் இட்டார். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த முறை மாறும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

உணவு விஷயத்திலும் இப்படியொரு பொறி இருக்கிறது. சீட்டு எடுக்கும்போது சிறப்பு உணவு என்று ஒரு பட்டியல் வரும். அதில் ‘இந்து உணவு’ என்று இருப்பதைப் பார்த்தவுடன் சைவம் என்று எண்ணி அதைத் தேர்ந்துவிடுகிறவர்கள் ஏராளம். அது மாட்டிறைச்சி இல்லாத உணவு, அவ்வளவே. ஆட்டிறைச்சியும் கோழியும் மீனும் அதில் வரலாம். நம் வழக்கப்படியான மரக்கறி உணவு வேண்டுமானால் ‘ஆசிய சைவ உணவு’ என்பதைத்தான் தேர வேண்டும். அதையும் குறைந்தது ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களுக்குச் சீட்டு எடுத்துக்கொடுக்கும் பிள்ளைகள் இந்த ஒன்றையாவது கவனித்துச் செய்யுங்கள். பத்து மணி நேரப் பயணத்தில், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வெறும் ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டு இறங்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

இனிப் பெட்டி கட்டிய கதை. எனக்கு அனுமதிக்கப்பட்டது 23 கிலோ எடையுள்ள ஒரு பெட்டியும், கையோடு எடுத்துச் செல்ல 8 கிலோவும். பிரசவத்திற்குப் போகிற தாயின் மனம் 23 கிலோவுக்குள் அடங்குமா? முதல் நாள் கூடத்தில் பரப்பி வைத்ததைக் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தபோது 41 காட்டியது. அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்ததுதான் எனக்கு உண்மையான தயாரிப்பாக இருந்தது.

முதலில் கழிந்தது நெய். வீட்டில் உருக்கிய ஒன்றரைக் கிலோ நெய்யைக் கசியாத டப்பாவில் அடைத்து வைத்திருந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். மகள் இதைச் சொன்னபோது, “நெய் இல்லாமல் பிரசவ லேகியம் எப்படிக் கிளறுவது?” என்று கேட்டேன். “இங்கே நல்ல வெண்ணெய் கிடைக்கும் அம்மா, வந்து நீங்களே உருக்குங்கள்” என்றாள். அது சரிதான் என்று பட்டது. லேகியத்தைக் கிளறி எடுத்துப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டு, சுக்கு, மிளகு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் ஆகியவற்றை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, வெயிலில் காயவைத்து, இடித்துச் சலித்துப் பொடியாக எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் உள்ளே இருப்பது என்ன என்று ஆங்கிலத்திலும், மகள் எழுதி அனுப்பியபடி ஜெர்மன் மொழியிலும் சீட்டு ஒட்டினேன். பெயரில்லாத பழுப்புப் பொடியைக் கண்டு எந்த அதிகாரிக்கும் ஐயம் வருவது இயற்கை. அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை.

பச்சைக் கறிவேப்பிலையும் கழிந்தது. பச்சைக் காய்கறி, பழம், இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்று 2019 டிசம்பரிலிருந்து அங்கே விதி இருக்கிறது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன் என்ற ஐந்துக்குத்தான் விலக்கு. கொல்லைக் கறிவேப்பிலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கிக்கொண்டேன். தேங்காய்க்கு விலக்கு இருக்கிறதே என்று கொப்பரையை வைக்கப் போனேன், தம்பி தடுத்துவிட்டான். எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்று விமானப் போக்குவரத்து விதிகளில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதுபோலவே கற்பூரமும் தீப்பெட்டியும் கூடாது. வளைகுடா நாடுகளின் வழியாகப் போகிறவர்கள் கசகசாவை மறந்தும் வைக்கக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். நம் சமையலறையில் எந்தப் பாவமும் அறியாமல் இருக்கும் ஒரு டப்பா ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிட முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது.

மணத்தக்காளி வற்றல், சுண்டைக்காய் வற்றல், கூழ் வடாம், பருப்புப் பொடி, சித்திரையில் போட்டு வைத்திருந்த மாவடு ஆகியவை தங்கின. மாவடு நீர்ப்பொருள் என்பதால் பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும். கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் எந்த நீர்மமும் கூடாது. ஊரில் இனிப்புக் கடைக்காரரிடம் கொடுத்து, காற்றை உறிஞ்சி ஒட்டும் இயந்திரத்தில் இரண்டு அடுக்காக அடைத்து வாங்கி, பழைய புடவை ஒன்றில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்தேன். கடைசியில் தராசு 22.4 காட்டியது. பெட்டியின் கைப்பிடியில் மஞ்சள் துணிக் கிழிசல் ஒன்றை முடிந்தேன். ஒரே நிறத்தில் நூறு பெட்டிகள் சுழன்று வரும்போது மஞ்சள் என் கண்ணில் படும்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பெரிய பெட்டி வந்து சேராவிட்டாலும் மூன்று நாளைக்கு நான் பிழைத்திருக்க வேண்டும். ஆகவே மருந்துகள் முழுவதும் மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் போயின. இரத்த அழுத்த மாத்திரையை முதல் நாட்களில் எந்த நேரப்படி உட்கொள்வது என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன், ஏனெனில் நவம்பரில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஒரு மாற்றுடை, கம்பளிச் சட்டை, காலுறை, அழைப்புக் கடிதம், காப்பீட்டுத் தாள், திரும்பும் சீட்டு ஆகியவற்றின் அச்சுப் படிகள், மகளின் முகவரியும் எண்ணும் எழுதிய அட்டை ஆகியவையும் அதில்தான். கைப்பேசியில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். மின்னேற்றம் தீர்ந்த கைப்பேசி வெறும் கண்ணாடித் துண்டு. அதற்காகவே வைத்துக்கொண்ட பவர் பேங்க்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது. 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பு. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வருகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலே, எடையே இல்லாத ஒரு பொட்டலம். மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டிகள் இரண்டை மாமியார் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். துவைத்துத் துவைத்துப் பூவின் இதழ்போல் ஆகிவிட்ட துணி. நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, நடுங்கும் விரல்களால் ஓரத்தைப் பல்லில் கடித்துத் தொடக்கம் கொடுத்து, நேர் நூலாகப் பார்த்துப் பார்த்துச் சதுரங்களாகக் கிழித்தார். பிறந்த குழந்தையின் உடம்பில் முதலில் படுவது புதுத் துணியாக இருக்கக் கூடாது, நூல் உறுத்தும் என்பது அவர் எண்ணம். பதினெட்டுச் சதுரங்கள். கொள்ளுப் பேரக் குழந்தைக்கு அவரால் செய்ய முடிந்தது அது. அதை நான் பெரிய பெட்டியில் போடவில்லை.

எங்கள் ஊரான தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு வடக்கு நோக்கிப் போக வேண்டும். ஊரிலிருந்து நான் கிளம்பிய நாள் செவ்வாய். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்பார்கள். மாமியார் அதைச் சும்மா விடவில்லை. திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்து, என் கைப்பையில் இருந்த ஒரு புடவையை மஞ்சள் பையில் போட்டு அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைக்கச் செய்தார். பரஸ்தானம் என்று இதற்குப் பெயர். பயணப் பொருள் ஒன்று நல்ல வேளையில் வீட்டை விட்டு வெளியேறிவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது சூலத்துக்குப் பரிகாரமாக ஒரு டம்ளர் பாலும் குடிக்கக் கொடுத்தார். இவற்றை நம்புகிறாயா என்று என்னைக் கேட்டால், அந்தப் பாலைக் கொடுத்த கையை நம்புகிறேன் என்பேன். தஞ்சாவூர் நிலையத்தில் சோழன் விரைவு வண்டியில் என்னை ஏற்றிவிட்ட கணவர், வண்டி நகரும்வரை பெட்டியின் பூட்டைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்.

தாம்பரத்தில் இறங்கிக் குரோம்பேட்டையில் தம்பி வீட்டில் தங்கினேன். ஒரு நாள் முன்னதாக வந்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். நவம்பர் நம் வடகிழக்குப் பருவமழைக் காலம். எந்த இரவிலும் விமான நிலையத்துக்குப் போகும் ஜிஎஸ்டி சாலையில் முழங்கால் தண்ணீர் நிற்கலாம். புதன் காலையிலேயே பெட்டியைப் பூட்டி முடித்தோம். அதன் பிறகு அதைத் திறப்பதில்லை என்று முடிவு. இரவு விமானத்தில் போகிறவர்கள் செய்யும் பிழை, பகல் முழுவதும் கடைக்கும் உறவினர் வீட்டுக்கும் அலைந்துவிட்டு, விமானத்தில் தூங்கிக்கொள்ளலாம் என்று எண்ணுவது. நள்ளிரவு இரண்டு மணி வரை விழிப்போடு இருந்து, படிவங்களைப் படித்து, கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லும் தெளிவு வேண்டும். அது பகல் தூக்கத்தில்தான் கிடைக்கும். நான் உணவு முடித்து ஒன்றரை மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்தேன். இரவு தம்பி மனைவி ரசம் இல்லாமல், மோர் விட்டுக் கரைத்த தயிர்சாதமும் உப்புப் போட்ட நார்த்தங்காயும் கொடுத்தாள். பருப்பு, கிழங்கு வகைகளை நானே வேண்டாம் என்றேன். மேலே போனால் காற்றழுத்தம் குறைந்து வயிறு உப்பும்.

ஒன்பது மணிக்குத் தூறலில் கிளம்பினோம். விமான நிலையம் பக்கம்தான். 2017ஆம் ஆண்டு மகளை மேற்படிப்புக்கு அனுப்ப இதே இடத்துக்கு வந்தபோது பழைய அண்ணா முனையம் இருந்தது. அன்று கண்ணாடிக்கு வெளியே நின்று, அவள் தலை கூட்டத்தில் மறைந்து தெரிந்து மறைவதைக் குதிகாலை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருமுறை திரும்பிக் கையசைத்தாள், பிறகு திரும்பவில்லை. உள்ளே போன பிறகு ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று எனக்கு எட்டு ஆண்டுகளாக ஒரு சிறு வருத்தம் இருந்தது. இப்போது 2023இல் திறந்த புதிய கட்டடம், உயரமான கூரை, கோலத்தை நினைவூட்டும் வேலைப்பாடுகள். வாசலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக் காவலர் சீட்டையும் கடவுச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து என்னை உள்ளே விட்டார். தம்பியும் அவன் மனைவியும் வெளியே நின்றார்கள். ஒருமுறை திரும்பிக் கையசைத்தேன். அதற்குள் பெட்டி வண்டியின் சக்கரம் இழுக்க, எந்த வரிசை என்று பலகையைத் தேட, கைப்பையில் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க, மீண்டும் நினைவு வந்து திரும்பியபோது கண்ணாடிக்கு அப்பால் வேறு யாரோ நின்றார்கள். மகள் ஏன் திரும்பவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், வழி காட்டிக் கூட்டிப்போய்விடுவார்கள் என்று பலர் சொன்னார்கள். நடக்க முடிகிறவள் நான். அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அன்று இரவு உண்மையாகவே நடக்க முடியாத ஒரு முதியவர் நாற்காலிக்காக அரை மணி நேரம் காத்திருந்ததைக் கண்டேன். மொழி தெரியாத அச்சம் உள்ளவர்களுக்கு உடன் வந்து வழிகாட்டும் உதவியைத் தனியே கேட்கலாம். அருகில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டாலும் ஒருவரும் மறுப்பதில்லை.

முகப்பில் பெட்டி 22.6 காட்டியது. இடைவழியை ஒட்டிய இருக்கை முன்பே பதிவு செய்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் இரத்தம் கட்டும் என்பது மருத்துவர் சொன்னது. அடுத்து குடியேற்றப் பிரிவு. முன்பெல்லாம் நம் நாட்டவரும் ஒரு புறப்பாட்டு அட்டையை நிரப்ப வேண்டும். 2017 ஜூலை முதல் அது இல்லை. அதிகாரி எங்கே போகிறீர்கள், எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டார். மகளுக்குப் பிரசவம் என்றேன். முதல் குழந்தையா என்று கேட்டார், அது அவருடைய படிவத்தில் உள்ள கேள்வி அன்று என்று நினைக்கிறேன். முத்திரை குத்திக் கடவுச்சீட்டை நீட்டினார்.

பாதுகாப்புச் சோதனையில் கைப்பேசி, பவர் பேங்க் எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்தேன். திரைக்குப் பின்னால் பெண் காவலர் ஒருவர் தாலிச் சங்கிலியையும் வளையல்களையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். புடவையில் குத்தும் ஊசிகளைக் குறைத்துக்கொண்டால் அந்த இடத்தில் ஒலி குறையும். என் கைப்பையை மட்டும் ஒதுக்கி வைத்து, மேலே இருந்த பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தேன். அந்தப் பெண் துணியை விரலால் தொட்டுப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், மடிப்புக் கலையாதபடி திரும்ப வைத்துக் கொடுத்தார்.

வாயில் எண்ணைக் கண்டுபிடித்து உட்கார்ந்தபோது பன்னிரண்டரை. அப்போதுதான் கடவுச்சீட்டைத் திறந்து முத்திரையைப் பார்த்தேன். நவம்பர் 19 என்று இருந்தது. நான் அந்த மேசையைக் கடந்தபோது மணி பதினொன்றே முக்கால். வீட்டுக்கு அழைத்தேன். ஒரே மணியில் கணவர் எடுத்தார். மாமியாரும் விழித்துத்தான் இருந்தார். முத்திரையில் புதன்கிழமைத் தேதிதான் விழுந்திருக்கிறது அத்தை என்றேன். “வேறென்ன விழும்? துணியை வெந்நீரில் அலசிக் காயவைத்துவிட்டுப் போடு” என்றார்.

ஒன்று ஐந்துக்கு ஏறத் தொடங்கினோம். கைப்பையைத் தலைக்கு மேலே வைக்காமல் முன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். காலணியைத் தளர்த்திக் காலுறையை மாட்டினேன், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். விமானம் பின்னுக்கு நகர்ந்து, நெடுநேரம் ஊர்ந்து, ஓரிடத்தில் நின்றது. விளக்குகளைக் குறைத்தார்கள். பிறகு முதுகை இருக்கையோடு அழுத்திக்கொண்டு ஓடியது. சாளரத்துப் பக்கம் இருந்த இளைஞன் எட்டிப் பார்க்கிறீர்களா அம்மா என்று தமிழில் கேட்டுத் தன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மழைத் துளிகள் சாய்வாக ஓடும் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் விளக்குகள் தெரிந்தன. மேகத்துக்குள் போனதும் அதுவும் இல்லை.

கைக்கடிகாரத்தை நான் மாற்றவில்லை. சாப்பாடு வந்தது, சைவம்தான். இரண்டு முறை எழுந்து நடந்தேன், தண்ணீர் குடித்தேன், கண் அயர்ந்தேன். மீண்டும் விழித்தபோது கடிகாரத்தில் ஆறேகால். தஞ்சாவூரில் சூரியன் உதிக்கும் நேரம். கணவர் மாமியாரின் கண்ணில் காலை மருந்து இரண்டு சொட்டு விட்டுக்கொண்டிருப்பார். அங்கே புதன்கிழமை முடிந்துவிட்டது. இளைஞன் உறங்கியிருந்தான். அவனுக்கு அப்பால் சாளரத்தில் இருட்டு அப்படியே இருந்தது. மேற்கே போகப் போக இரவும் எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. காலால் கைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.